சுவர் இருந்த இடம்

சுவர் தானே விழுந்ததா
'தானே' தள்ளியதா என்று
கலியமூர்த்திக்கும் எனக்கும் இன்னும் தீரவில்லை.
புயல் இரவில் இருவருமே பார்க்கவில்லை.
விடிந்தபோது அவர் வாழையும் என் வண்டியும்
ஒரே செங்கல் குவியலுக்கடியில் கிடந்தன.

அப்புறம் இருபத்தாறு நாள்
நான் வீட்டுக்கு விருந்தாளி.
பண்ருட்டி சாலையில் படுத்த கம்பங்களை எழுப்பினோம்.
கம்பிமேல் கிடந்த முந்திரியையும் பலாவையும்
அறுத்து அறுத்து ரம்பம் பல் இழந்தது.
அஞ்சலாட்சி கேட்டாள்:
"ஊருக்கெல்லாம் கம்பம் நடுறீங்க,
நம்ம கொல்லைக்கு ஒரு குச்சியாவது?"
செங்கல் விலை விசாரித்துவிட்டு வந்திருந்தேன்.
பதில் சொல்லவில்லை.

கேப்பர் மலைச் சரிவில்
டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டி ஒரு களா.
அத்தனை மரமும் சாய்ந்த காற்றில் அது சாயவில்லை.
ஆடியில் அதை வெட்டச் சொல்லி உத்தரவு.
வெட்டினேன்.
வெட்டுமுன் பழுத்ததை மட்டும் பறித்து
ஃபியூஸ் கம்பி வைக்கும் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
காக்கியில் அந்தக் கருஞ்சிவப்பு இன்னும் இருக்கிறது.

களா விதை காத்திருக்காது.
புளியங்கொட்டை போல் டப்பாவில் கிடந்து
பொறுமை காட்டாது.
பழம் பிசைந்த கையோடு மண்ணுக்குள் போகவேண்டும்.
பால் கவர்களில் செம்மண், கொஞ்சம் மணல்,
கவருக்கு இரண்டு விதை.
இருபதாம் நாள் முளைத்தது,
பிறகு வளர மறந்தது.
ஒரு வருஷத்துக்கு ஒரு சாண்.
"வேலி எங்க?" என்பாள்.
"வரும்" என்பேன்,
கரண்ட் எப்போ வரும் என்பவர்களுக்குச் சொல்லும்
அதே குரலில்.

அஸ்திவாரப் பள்ளத்திலேயே நட்டேன், இரண்டடிக்கு ஒன்று.
"முள் மரம் வீட்டுக்கு ஆகாது, கடன் சேரும்"
என்றார் கலியமூர்த்தி.
கடன் பழசு சார், முள்தான் புதுசு.

இரண்டு கோடை தண்ணீர் கேட்டது,
அப்புறம் கேட்கவேயில்லை.
முள் முற்றும்வரை ஆடுகள் வந்தன,
முற்றியபின் வாசம் மட்டும் பார்த்துவிட்டுப் போயின.
நுனியைக் கிள்ளினால் கவடு விடும்,
ஒவ்வொரு கவட்டிலும் இரண்டு முள்.
வெட்டிய இடத்தில் வெள்ளைப் பால்,
கையில் ஒட்டினால் சோப்புக்கு அடங்காது,
தேங்காயெண்ணெய் வேண்டும்.
வாரம் ஆறு நாள் உத்தரவுக்கு வெட்டும் கை
ஞாயிற்றுக்கிழமை
ஒரு கிளைக்கு முன்னால் கால் மணி நேரம் நிற்கும்.

நாலாம் வருஷம் மாசியில் பூத்தது.
அந்த மணத்தில்
சிப்காட் காற்று கொஞ்ச நேரம் மறந்துபோகும்.
சித்திரையில் கலியமூர்த்தி கார் வாங்கினார்.
மூன்றாம் நாளே கதவில் ஒரு கீறல்.
"இன்னைக்கே வெட்டணும்!"
கத்தரியோடு அவர் பக்கம் போய்க்
கிளையை விலக்கிக் காட்டினேன்.
கொண்டைக்குருவி.
நாரும், ஒயர் உரித்து நான் எறிந்த சிவப்புத் தோலும் வைத்துக்
கட்டிய கிண்ணத்தில் மூன்று முட்டை.
கீறலையும் கூட்டையும் மாறி மாறிப் பார்த்தவர்
"எத்தனை நாள்?" என்றார்.
பொரிக்க ரெண்டு வாரம், பறக்க ரெண்டு வாரம்.
ஒரு மாதம் அந்தக் கார் தெருவில் வெயில் காய்ந்தது.

ஆனியில் அவர் மகள் யாமினிக்குப் பிறந்தநாள்.
கேக்கின் உச்சியில் இருந்ததை எடுத்து
"அங்கிளுக்கு செர்ரி" என்று நீட்டினாள்.
சாயம், சர்க்கரை, பிறகு நாக்கின் ஓரத்தில்
மிச்சமிருந்த ஒரு புளிப்பு.
எனக்குத் தெரியும் அது யார் என்று.
நல்லாயிருக்கு செர்ரி, என்றேன்.

இந்த வாரம் மறுபடி உத்தரவு.
கேப்பர் மலையில் அடியோடு வெட்டிய களா
டிரான்ஸ்ஃபார்மர் கதவை மறைக்கிறதாம்.
அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.
கலியமூர்த்தி வந்து நின்றார்,
கையில் மடித்த மஞ்சள் பை.
அவருடைய பின்பக்கச் சுவர்
கொஞ்ச நாளாகவே சாய்ந்துகொண்டிருக்கிறது.