பாத்தி எண் 214

செப்டம்பர் ஒன்பதோடு மழை நின்றது.
கொன்னிக்கு வடக்கே செம்மணலில்
இருநூற்று நாற்பது பாத்திச் சோளம்.
எல்லாவற்றுக்கும் ஒரே நாள் விதைப்பு,
ஒரே எரு, ஒரே வெயில்.

என் வேலை இலைக்கு மதிப்பெண் போடுவது.
முழுப் பச்சைக்கு ஒன்று. சருகுக்கு ஐந்து.
இடையில் உள்ள மூன்று எண்களுக்குள்
ஒரு செடி சாகிற விதம் முழுவதையும்
அடைத்துவிட வேண்டும்.

நியாமேயிலிருந்து செய்னி தொலைபேசியில் சொன்னார்:
214-ம் 215-ம் ஒரே செடி என்று வைத்துக்கொள், ஹப்சாத்து.
மூன்றாம் குரோமோசோமில்
ஒரு நகக்கண் அளவுதான் வேறு.
நகக்கண் என்றது பேச்சுக்கு.
எந்தக் கண்ணுக்கும் அகப்படாத அளவு அது.

அந்தத் துண்டு வீரம் எதுவும் காட்டவில்லை.
பாறையைத் துளைத்துத் தண்ணீர் தேடவில்லை.
ஆகஸ்டில், மழை தாராளமாய்ப் பெய்தபோது,
பக்கத்துப் பாத்தி தூருக்கு நாலு கன்று விட்டுத்
தோகை விரித்து ஆடிக்கொண்டிருந்தபோது,
இது ஒற்றைத் தண்டாய் நின்றது.
இலையையும் சிறுத்தே விட்டது.
களையெடுக்க வந்த பெண்கள்
இதற்கு என்ன நோய் என்று கேட்டார்கள்.
நானும் குறிப்பேட்டில் நோஞ்சான் என்று எழுதிப்
பிறகு அடித்தேன்.

குடிக்காமல் விட்ட தண்ணீர்
மண்ணுக்குள் அதன் பேரில் இருந்தது.

கதிரில் பால் ஏறும் நேரம்
215 அடியிலிருந்து காய ஆரம்பித்தது.
கீழ்த்தோகை, அதற்கு மேலது, அதற்கும் மேலது,
ஒவ்வோர் அறையாய் விளக்கணைத்துக்கொண்டு போகும் ஆள் போல.
தண்டில் மிச்சமிருந்ததையும் சுரண்டிக்
கதிருக்குக் கொடுத்துவிட்டு
இடுப்பு முறிந்து சாய்ந்தது.

214: ஒன்று.
மறு வாரம் ஒன்று.
அதற்கு மறு வாரம் ஒன்றரை.
அரைக்குப் படிவத்தில் கட்டமில்லை,
ஓரத்தில் எழுதினேன்.

அக்டோபரில் அடிவானம் வரை தட்டை நிறம்.
நடுவே நாலு முழ அகலத்துக்கு ஒரு பச்சை.
நான் அதைத் தரவு என்று பார்த்தேன்.
மாடுகள் வேறு மாதிரி பார்த்தன.

ஜூல்தேயின் மந்தை இரவில் வந்தது.
முள்வேலி பிரிந்த இடத்திலிருந்து 214 வரை
வழியில் இருபத்தாறு பாத்திகள்.
ஒன்றிலும் வாய் வைக்கவில்லை.
விடிந்தபோது குளம்புத் தடம்
கயிறு பிடித்தாற்போல் நேராய்க் கிடந்தது.
என் ஐந்து வாரக் கணக்கில் எதுவும்
அவ்வளவு துல்லியமில்லை.

அபராதம் கேட்க ஆள் தயாராய் இருந்தது.
ஆனால் ஜூல்தே ஓடி வந்தது அதற்காக இல்லை.
மழை போன பின்னும் பச்சையாய் நிற்கிறதே,
உள்ளே என்ன வைத்தீர்கள்?
என் மாடுகள் செத்துவிடுமா?
தண்ணீரில்லாமல் வாடிய சோளம்
மாட்டுக்கு நஞ்சாகும் என்று
அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
இந்தத் துண்டோடு சேர்ந்து வேறென்ன வந்திருக்கும் என்று
எனக்குத் தெரியாது.

உச்சி வெயில் சாயும் வரை
வேலமர நிழலில் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.
அவன் வயிறுகளைத் தடவிப் பார்த்தான்.
நான் பழக்கதோஷத்தில் மூச்சை எண்ணினேன்.
நாலு மணிக்குச் செவலைப் பசு படுத்தது.
இருவரும் எழுந்தோம்.
அது அசைபோட ஆரம்பித்தது.

அப்புறம்தான் அவன் பாத்திக்குள் இறங்கிக்
காலால் மண்ணைக் கிளறினான்.
குழாய் எங்கே என்றான்.
குழாய் இல்லை, ஆகஸ்டில் மிச்சம் பிடித்தது என்றேன்.
நம்பவில்லை. இன்னும் ஒரு சாண் கிளறினான்.

காகிதப் பை கட்டிய கதிர்களில் இரண்டு
மிதிபட்டும் தப்பியிருந்தன.
ஒன்றை உறையில் போட்டு எண் எழுதினேன்.
மற்றதைப் பற்றிச் செய்னி கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

படிவத்தில் 214-க்கு நேராய்
விடுபட்டது என்று போடுவதுதான் விதி.
நான் எழுதியது:
ஒன்று. உறுதி செய்தவர்கள் பதினொரு பேர்.

மறுநாள் காலை தொலைபேசி.
யார் அந்தப் பதினொரு பேர்,
பெயர் கொடு, அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்றார்.
செவலையிலிருந்து தொடங்கினேன்.