வினைச்சொல் இல்லாத வரி

ஜலேஸ்வர் மண்டலின் கையெழுத்து
பெகுசராயில் இரண்டு பேருக்குத்தான் புரிந்தது.
ஒருவன் நான், அச்சுக்கோக்கும் இத்ரீஸ்.
மற்றவர் பாகல்பூர் சிறையின் தணிக்கை அதிகாரி.
அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

விதைக்கடை ரசீதின் முதுகில்தான் எழுதுவார்.
சத்துமாவு ஒட்டியிருக்கும், சில நாள் புகையிலைத் தூள்.
பிரித்தாலே தும்மல் வரும்.
ஓரத்தில் எனக்கென்று ஒரு குறிப்பு:
"கோபம் மிஞ்சுகிற இடத்தில் காற்புள்ளி போடு."

எங்கள் பெட்டியில் எப்போதும் பஞ்சம்
க எழுத்துக்குத்தான்.
கிசான், கர்ஸ், கோசி, கச்சேரி,
அந்த மனிதருக்கு எல்லாமே அதில்தான் தொடங்கும்.
இரண்டாம் பக்கத்துக்குள் அறை காலி.
தெருமுனைக் கல்யாணப் பத்திரிகை அச்சகத்துக்கு ஓடி
இருபது க கைமாற்று வாங்கிவருவேன்.
நிலப்பறிப்பைக் கண்டித்த தலையங்கம்
பூவேலைப்பாட்டோடு வெளிவந்தது அப்படித்தான்.
ஜமீன் வக்கீல் அதை
நீதிமன்றத்தில் உயர்த்திக் காட்டினார்.
நீதிபதி சிரித்துவிட்டார்.
தண்டனை என்னவோ பதினாலு மாதம்.

கட்சி உடைந்த வருடம்
"என் தவறுகள், ஏழு" என்றொரு கட்டுரை தந்தார்.
ஆறைக் கோத்து முடிக்கையில் ஜீப் வந்து நின்றது.
போலீஸ் இல்லை, தோழர்கள்.
காகிதத்தைக் கேட்டார்கள், கொடுத்தேன்.
கோப்பதற்கு முன்னால் படிக்கிற பழக்கம் எனக்கில்லை.
ஏழாவது எதுவென்று
இன்றுவரை தெரியாது.

இப்போது தொகுப்பு வருகிறது, நான்கு பாகம்,
பட்னாவில், கணினியில்.
கடைசித் தாளை மட்டும் என்னிடம் கொண்டுவந்தார்கள்.
பக்கவாதத்துக்குப் பிறகு இடது கையால் எழுதியது:
'கல் ஹமாரா'.
அதற்குமேல் ஒன்றுமில்லை.

எங்கள் மொழியில் நேற்றுக்கும் நாளைக்கும்
ஒரே சொல்தான், கல்.
வினைச்சொல் வந்து சேர்ந்தால்தான்
எந்தப் பக்கம் என்று தெரியும்.

"நாளை நம்முடையதாகும். அதுதானே?"
செயலாளர் அவசரப்படுகிறார், அட்டைக்கு வேண்டுமாம்.
மகள் சுபத்ரா வாய் திறக்கவில்லை.
ஜன்னல் வழியே
ஸ்டேஷன் ரோட்டின் வாழைப்பழ வண்டிகளைப் பார்த்தபடி.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்தேன்.
கடைசி எழுத்தைத் தாண்டி
பேனா ஊன்றிய சிறு குழி.
மை இல்லை.

பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கினேன்.
தூசிக்குள் ஒரே ஒரு க, பூ வைத்தது,
திருப்பிக் கொடுக்க மறந்தது.
இரண்டு சொல்லையும் கோத்து
மிச்ச இடத்துக்கு வெற்று ஈயம் அடைத்தேன்.
அதன்மேல் மை படாது, தாளில் தெரியாது.
எடுத்துவிட்டால்
வரி நிற்காது.