நாலு மக்

எட்டு மணிக்குத் தீயை அணைத்து, ஆறவிட்டு,
பதினொன்றுக்கு அளவுக் கண்ணாடியில்
தண்ணீர் நின்ற இடத்தில் சிவப்பு நூல் கட்டினேன்.
யாரோ ஒருத்தியின் கல்யாணச் சேலையிலிருந்து
பிரிந்து வந்த நூல்.

விடிந்து பார்த்தால் நூலும் நீரும்
சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி
ஒட்டியபடி, அசையாமல்.
ஆக, ஆறிக் கிடக்கும்போது ஒழுகவில்லை.
சூட்டில்தான் போகிறது.

ஓகலிபுரத்தில் எங்கள் முன்னறைதான் கடை.
ஆவி பிடித்துப் பட்டை நிமிர்த்தும் கடை.
இத்தனை சேலைக்கு இத்தனை தண்ணீர் என்று
மூன்று வருஷ நோட்டு இருக்கிறது என்னிடம்.
அதற்கு மேல், தினமும், நாலு மக்.
காவிரி ஒன்றுவிட்டு ஒருநாள் வரும் தெருவில்
நாலு மக் சும்மா போகாது.

முதலில் ஆளைத்தான் சந்தேகப்பட்டேன்.
குழாயைவிட மனுஷன் சுலபம்.
கொழுந்தன் யோவேல், ராத்திரி ஷிப்ட்,
ஆறு மணிக்கு வருவான், டிசம்பர் குளிர் வேறு.
பாய்லரின் வடிகுழாய்க்கும் குளியலறைக்கும் நடுவே ஒரே சுவர்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
பூட்டு வாங்கிப் போட்டேன்.
பூட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுத் தூங்கப் போனான்.
அன்றைக்கும் நாலு மக்.

பிறகு இரும்பிடம் போனேன்.
குழாய்களுக்கு அடியில் கன்னடப் பேப்பர் விரித்தேன்:
மந்திரி முகத்தில் ஒரு பொட்டு ஈரமில்லை.
சவரக் கண்ணாடியை ஒவ்வொரு மூட்டிலும் காட்டினேன்:
மங்கியது என் மூச்சால் மட்டும்.
சேஃப்டி வால்வின் வாயில் டம்ளர் வைத்தேன்:
நாள் முழுக்க மூன்று சொட்டு.
ஞாயிற்றுக்கிழமை ஒரு சேலைகூட இல்லாமல்
ஆவி வால்வை இறுக மூடி வெறுமனே எரித்தேன்.
நாலு மக்.

பீன்யாவிலிருந்து வந்த சித்தலிங்கப்பா
எதையும் தொடாமல் முதலில் என்னைத் திட்டினார்.
குறையக் குறைய ஊற்றினாயா?
புதுத்தண்ணீர் புதுக்காற்றோடு வரும் அம்மா,
அதுதான் இரும்பைத் தின்னும்.
நீ தாகம் தீர்க்கவில்லை,
ஓட்டைக்குச் சோறு போட்டிருக்கிறாய்.

ஓட்டை எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை.

யோவேல்தான் சொன்னான்.
மொட்டை மாடியில் துண்டு காயப்போட்டுவிட்டு இறங்கியவன்
என்னிடம் இல்லை, கதவிடம் சொன்னதுபோல்:
பேக்கரிப் புகை வந்ததும் கரையுது.
நம்மது மட்டும் வெள்ளையா
தண்டவாளம் வரைக்கும் போகுது.

ஏறிப் பார்த்தேன்.
நாலு மக்கும் அங்கே,
மல்லேஸ்வரம் பக்கமாய் நிதானமாய்.

அன்று இரவு வழக்கமான மட்டத்துக்கு நிறுத்தாமல்
கழுத்துவரை ஊற்றினோம், ஆறிய பாய்லரில்.
சித்தலிங்கப்பா டார்ச்சோடு பர்னர் அருகே குந்தினார்.
பத்து நிமிஷம் ஒன்றுமில்லை.
கேஸ்காரன் பில்லைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தோம்,
டக்.
பர்னர் தட்டில் ஒரு சொட்டு.
பிறகு இன்னொன்று.

தீக்குழாயின் மேல்முனையில்,
தண்ணீர் எப்போதும் எட்டாத உயரத்தில்,
ஒரு மயிரிழை விரிசல்.
நீர் தொடாததால் நீராய் ஒழுகவில்லை.
ஆவியாய் நுழைந்து புகையோடு புகையாய்ப் போயிருக்கிறது.
நான் தரையைத் துடைத்துத் துடைத்துத் தேடியிருக்கிறேன்.

வெல்டிங் வைத்தால் பக்கத்தில் விடும், குழாய் மெலிந்துவிட்டது,
புதுசுதான் என்றார். பதினாறு நாளாகும்.
அதுவரை மட்டத்தில் ஒரு கண் வைத்து ஓட்டு,
கண்ணாடி காலியானால் ஊற்றாதே, அணைத்துவிட்டு ஓடு.

வடிகுழாய்ப் பூட்டின் சாவியைத் தேடினேன்.
அரிசி டப்பா, நூல் பெட்டி, பைபிள் அடியில்.
கிடைக்கவில்லை.
சுத்தியலால் உடைத்தேன்.
சத்தத்துக்கு யோவேல் விழித்திருப்பான்,
வெளியே வரவில்லை.

நோட்டில் இப்போது இரண்டு வரி கூடுதல்.
வானத்துக்கு: நாலு மக்.
யோவேலுக்கு, வெந்நீர்: ஒரு வாளி.
இரண்டாவது
குளியலறை வாசலிலேயே ஆறிப்போகிறது,
மூன்று நாளாய்.