முன்பணம்

மண்டபம் வடகரையில் தடைக்காலம்,
முப்பத்தெட்டாம் நாள்.
நங்கூரக் கயிறுகளில் பாசி ஏறி
விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசி நிற்கின்றன.
ஐஸ் ஆலையில் ஒரே ஒரு மோட்டார் ஓடுகிறது,
அதுவும் பழக்கத்துக்கு.

இறால் கம்பெனியில் நான் கணக்கு.
கிலோவுக்கு முப்பது, கிலோவுக்கு நாற்பது என்று
உருப்படி எண்ணி விலை போடுவேன்.
தடைக்காலத்தில் இறாலும் இல்லை, விலையும் இல்லை.
முதலாளி சீனி நைனா
என்னை வேறு எண்ணிக்கைக்கு மாற்றிவிட்டார்:
அமெரிக்காவில் யார் யார் நிற்கப்போகிறார்கள்,
இறால் வரியைப் பற்றி யார் வாய் திறந்தார்கள்.

தேர்தலுக்கு இன்னும் பதினெட்டு மாதம்.
நிற்பதாக ஒருவரும் சொல்லவில்லை,
இருந்தும் எல்லோரும் நடக்கிறார்கள்.
முன்னாள் ஆளுநர் ஒருவர்
சோளக்காட்டு மாநிலத்தில் பன்றிப்பண்ணை பார்க்கிறார்.
ஒரு செனட்டர் புத்தகம் போட்டிருக்கிறார்,
அட்டையில் சட்டைக் கையை மடித்துவிட்டு.
நீதிபதியாயிருந்த அம்மாள்
பிள்ளைகளைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்கிறார்.
பிள்ளைகளுக்கு நாற்பது வயது.
வடக்கே ஏதோ ஒரு சின்ன ஊர்க் காபிக் கடையில்
மூன்று பேரும் ஒரே வாரத்தில்
ஒரே மேசையில் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள்.

இங்கே கடல் திறக்க இருபத்து மூன்று நாள் கிடக்கிறது,
அதற்குள் டிரைவர் பிடிக்கும் ஓட்டம்.
நம்புவேல் எண்பதாயிரம் என்றால்
இருதயசாமி ஒரு லட்சம்,
கூடவே மகள் சடங்குக்கு ஒரு கிடா.
பூப்பாண்டி இரண்டு பேரிடமும் வாங்கிவிட்டான் என்று பேச்சு.
டீக்கடையில் கிளாசைச் சுழற்றிக்கொண்டே,
"இன்னும் முடிவெடுக்கலண்ணே,
வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றேன்" என்றான்.
நான் ஏன் சிரித்தேன் என்று அவனுக்கு விளங்கவில்லை.

ராத்திரி பதினொன்றுக்கு அங்கே மதியம்.
எடைத்தட்டின் மேல் போனைச் சாய்த்துவைத்துப்
பேச்சுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
ஷெட் கழுவ வந்த களஞ்சியம்
தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.
"யாரு இவுக?"
"பிரசிடெண்டு ஆவோம்னு நெனைக்கிறவுக."
"எதுக்கு இம்புட்டு வெள்ளன?"
"பிந்தினா ஆளும் கெடைக்காது, காசும் கெடைக்காது."
வாளியைக் கீழே வைத்தாள்.
"அப்ப இவுகளுக்கு முன்பணம் குடுத்தது யாரு?"

அந்த ஊரில் அதற்கும் பட்டியல் போடுகிறார்கள்.
தேடி எடுத்து வாசித்தேன்.
எண்ணெய்க்காரர், மருந்துக்காரர்,
கம்ப்யூட்டர்க்காரர் ஒருவர்.
கடைசி ஆள் பெயர் மூன்று பட்டியலிலும் இருந்தது.

"இங்க ஒரு டிரைவரு ரெண்டு ஓனர்கிட்ட வாங்குறான்.
அங்க ஒரு ஓனரு மூணு டிரைவருக்குக் குடுக்குறாரு"
என்று விரலில் எண்ணிப் பார்த்தாள்.
"எது மொதல்ல கரை சேந்தாலும்
மீனு அவரு கூடையிலதானா?"
பதிலுக்கு நிற்கவில்லை.
கழுவிய தண்ணீர் என் செருப்பைத் தொட்டுக்கொண்டு
வடிகாலுக்குப் போயிற்று.

ஐம்பத்தொன்பதாம் நாள் ஆளுநர் விலகிக்கொண்டார்.
நிற்காதவர் எப்படி விலகுவது என்று
சீனி நைனா கேட்டார்.
எனக்கும் தெரியாததால்
பெயரின் மேல் ஒரு கோடு கிழித்தேன்.
வரி பற்றி அவர் ஒருவர்தான்
நமக்குச் சாதகமாக அரைவார்த்தை சொன்னவர்.

கடைசி ராத்திரி.
டோக்கன் ஜன்னல் திறக்கவில்லை.
நகரக்கூடாது என்று ஒலிபெருக்கி கத்துகிறது.
எஞ்சினைப் போட்டுவிட்டு நிற்கிற படகுகள்
இருட்டில் அரையடி, கால் அடி
மூக்கை நீட்டுகின்றன.
யாரோ யாருடைய பலகையையோ இடித்துவிட,
ஆத்தாளில் தொடங்கி ஏச்சு.
மூன்றாவதாக ஒரு படகின் சுக்கானில்
பூப்பாண்டி,
எந்தப் பக்கமும் முகம் திருப்பாமல்.

விடிந்தால் இறால் வரும்.
விலைத்தாளை விரித்து வைத்திருக்கிறேன்.
வரி என்ற கட்டத்தில்
பென்சிலால் ஒரு எண்.
ரப்பர் கைக்கெட்டுகிற தூரத்தில்.