இரண்டு செங்கல்

மேலே துணி இயந்திரம் தண்ணீரைத் துப்பும்போதெல்லாம்
கீழே குளியலறையின் தரைக்குழி ஏப்பம் விடும்.
ஏப்பத்துக்குப் பின் நுரை,
நுரைக்குப் பின்
காலையில் நான் களைந்த அரிசியில் நாலு பருக்கை.

எங்கள் வீடு மேட்டில் ஒட்டிக்கொண்டு நிற்பது.
சாலையிலிருந்து பார்த்தால் ஒரு தட்டு,
செம்பனைக் காட்டிலிருந்து பார்த்தால் இரண்டு.
சாலைக்குக் கீழே போய்விட்ட அறையை
ஆலையில் கொதிகலன் பார்க்கும் லோக் பகதூருக்கு
மாதம் நூற்றெண்பது வெள்ளிக்கு விட்டிருக்கிறேன்.
கரண்டு, தண்ணீர் சேர்த்து.
தண்ணீர் சேர்த்து என்று நான் சொன்னது
இந்தத் தண்ணீரை அல்ல.

சனிக்கிழமை ஆலை விட்டதும் வாடகையோடு வந்தவன்
போகிற போக்கில் சொன்னான்,
கீழே கொஞ்சம் ஏறுகிறது, அக்கா.

கொஞ்சம்.

இறங்கும்போதே திட்டைத் தயார் செய்துகொண்டேன்:
முடியை வழித்துக் குழியில் விட்டிருப்பான்,
ஷாம்பு பாக்கெட்டை விட்டிருப்பான்,
தனியாள் சமைத்துச் சட்டி கழுவினால் வேறென்ன ஆகும்.
சல்லடை மூடியைத் திருகி எடுத்தேன்.
கையுறை போட்ட கையை மணிக்கட்டு வரை விட்டேன்.
ஒரு பல்குச்சி. அவ்வளவுதான்.
அப்போதுதான் பார்த்தேன்
குழாய்க்கு அடியில் இரண்டு செங்கல்,
பாதம் வைக்கும் இடைவெளியில்,
பாசி பிடித்து.
எத்தனை நாளாக என்றேன்.
பெருநாள் லீவுக்கு முன்னாலிருந்து என்றான்.
மூன்று மாதம்
கொக்கு மாதிரி நின்று குளித்திருக்கிறான்.

இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி மேலே கத்தினேன்.
மகள் யுகநிதா குழாயடியில் நின்றாள்.
குளியலறைக் குழாயைத் திற என்றேன், கீழே ஏறியது.
மூடு. குசினிக் குழாயைத் திற. அதற்கும் ஏறியது.
இரண்டுக்கும் ஏறினால்
குற்றம் இந்தக் குழியின் தொண்டையில் இல்லை,
எல்லாம் வந்து சேரும் பெரிய குழாயில்,
இங்கிருந்து பின்கால்வாய் வரைக்கும் எங்கோ.
பள்ளத்தில் இருக்கிற வாய் இதுதான்,
அதனால் இது வாந்தி எடுக்கிறது.

கால்வாய் ஓரம் குந்திப் பார்த்தேன்.
மேலே குழாய் முழுக்கத் திறந்திருக்க
இங்கே நூல் மாதிரி வடிந்தது.
ஆ லியோங் கடையில்
பதினைந்து அடிக் கம்பிச் சுருள் வாடகை எட்டு வெள்ளி,
அடைப்பு நீக்கும் பவுடரும் எடுத்துக்கோ என்றார்,
வேண்டாம் என்றேன்.
பவுடர் தண்ணீரில் நிற்கும், பிறகு கம்பி விடும்போது
முகத்தில் தெறிக்கும். போன வருஷம் சிமெண்டு வீட்டு
முனுசாமியண்ணன் கண்ணுக்கு நடந்தது.

கால்வாய் முனையிலிருந்து
நான் கம்பியைச் சுழற்ற, லோக் பகதூர் தள்ள,
ஒன்பதாவது அடியில் முட்டியது.
கல் இல்லை. வேரும் இல்லை.
மெத்தென்று முட்டியது,
யாரோ உள்ளே படுத்திருப்பது போல.
குத்தினோம். திருகினோம். இழுத்தோம்.

முழங்கை நீளத்துக்கு வந்தது,
மஞ்சளும் வெள்ளையுமாய், மெழுகுபோல் இறுகி.
நடுவில் கறிவேப்பிலை ஈர்க்கு.
ஒரு கடலைப்பருப்பு, முழுசாக.

ஆலைவாசலில் தினம் முந்நூறு மசால்வடை
நான்தான் போடுகிறேன்.
சட்டி எண்ணெயை
சுடச்சுட வெந்நீரோடு ஊற்றிவிட்டால்
போய்விடும் என்று நினைத்தவளும் நான்தான்.
போகும். ஒன்பது அடி போகும்.
அங்கே மண்ணின் குளிரில் உட்காரும்.

தயார் செய்த திட்டு வாயிலேயே இருந்தது.
அதை எங்கே ஊற்றுவது?

லோக் பகதூர் அந்த உருளையைக்
குச்சியால் புரட்டிப் பார்த்தான்.
அவன் தினம் நாலு வடை வாங்குகிறவன்.
முகர்ந்தான். தெரிந்துகொண்டான்.
பரவாயில்லை அக்கா என்றான் மலாயில்,
அந்த மொழியில் அது இன்னும் சுருக்கமாக இருந்தது.

வாடகையில் முப்பது வெள்ளி திருப்பிக் கொடுத்தேன்.
தொண்ணூறு கொடுத்திருக்க வேண்டும்.

இப்போது எண்ணெய் ஆறியதும் மைலோ டின்னில் போகிறது.
துணி இயந்திரம் பிழிகிறது, கீழே சத்தமில்லை.
செங்கல்லை எடுத்து வெளியே போடேன் என்றேன் நேற்று.
போடலாம் என்றான்.
இன்னும் ஒரு மாதம் பார்த்துவிட்டு.