வரிசை

ரீகா ரயில் நிலையத்துச் சுரங்கப் பாதையில்
பூக்கடைக்கும் சாவி நகலெடுப்பவனுக்கும் நடுவே
ஒன்றரை ஆள் நிற்கிற என் கடை.
உடைந்த திரை, செத்த பேட்டரி,
பீரில் முங்கிய போன்.
இதுதான் பிழைப்பு.

வெல்கா வந்தது பிப்ரவரியில்.
"சார்ஜ் நிற்கவில்லை" என்றாள்.
கழற்றிப் பார்த்தேன், பேட்டரியில் கோளாறில்லை.
பிறகு ஏன் இப்படிச் சுடுகிறது
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி?

அதில் இரண்டு கால்குலேட்டர் இருந்தன.
ஒன்று கூட்டியது, கழித்தது.
மற்றது
கணக்கைத் தவிர எல்லாம் செய்தது.
அவள் தட்டிய எழுத்து, நின்ற தெரு,
தங்கையிடம் கிசுகிசுத்தது
எல்லாம் பொறுக்கி
கால் மணிக்கொரு தரம் அனுப்பிவைத்தது.

ரசீதின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன்:
பேசாதீர்கள். இது கேட்கிறது.
அவள் திடுக்கிடவில்லை.
என் பேனாவை வாங்கி எழுதினாள்:
பிறந்தநாளுக்கு அவர் தந்தது.

அழித்துவிடவா?
அழித்தால் தெரிந்துவிடும்.
பிறகு, போனுக்குக் கேட்கட்டும் என்று, உரக்க:
"எவ்வளவு ஆகும்?"

வியாழக்கிழமை
அவள் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
நான் அவளாக நடந்தேன்.
துண்டுச் சீட்டில் அவள் குறித்துத் தந்த நாள்:
எட்டு பத்துக்கு டிராம்.
மருந்துக்கடை வாசலில் கொஞ்சம் நிற்கவும்.
சந்தை, மீன் பகுதி, அவசரப்பட வேண்டாம்.

புகைபோட்ட விலாங்குக்கு முன்னால் நிற்கிறேன்.
பையில் ஒரு துடிப்பு.
"மீன் கடையில் பதினொரு நிமிஷமா?"

கையுறைக்குள் என் விரல் வேர்த்தது.
சீட்டைப் பார்த்தேன். அதற்கும் எழுதியிருந்தாள்:
உடனே பதில் கூடாது. நான் அப்படிச் செய்வதில்லை.
நாலு நிமிஷம் கழித்து
"வரிசை" என்று மட்டும்.

வரிசை, என்று தட்டினேன்.
எனக்கு முன்னால் யாருமே இல்லை.

அந்நேரம் அவள் எந்தப் பேருந்தில் இருந்தாள்
எந்த எல்லையைப் பார்த்து,
நான் கேட்கவில்லை.
எனக்குத் தெரியாததை
எவனும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

இருட்டியதும் போனை
டிராமின் கடைசி இருக்கைக்கடியில் விட்டேன்.
தௌகவா ஆற்றைக் கடந்து, திரும்பிக் கடந்து,
பணிமனைக்குள் போய் அது உறங்கியிருக்கும்.
எங்கோ ஒரு திரையில்
நீலப் புள்ளியாய் ஒரு மனைவி
பனியில், தண்டவாளத்தின் மேல்.

இத்தோடு முடித்திருக்கலாம்.

அன்றிரவு பழைய ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினேன்.
போன அக்டோபர், பதினேழாம் பக்கம்.
என் கையெழுத்துதான்:
புது போன் ஒன்று. பரிசு.
சொன்ன செயலி ஏற்றிக் கொடுத்தது.
இருபது யூரோ.

பெயர் எழுதவில்லை.
அவர் முகமும் ஞாபகமில்லை.
அவருக்குப் பின்னால் நின்றவர்கள்
அவசரப்படுத்தியது மட்டும் நினைவிருக்கிறது.
அன்றைக்கு நிஜமாகவே
வரிசை.