பதினோராம் நம்பர் பூட்ஸ்

ஏர் நெடுஞ்சாலையில் மதுரா என்று ஓர் ஊர்.
ஊர் என்றால் ஒரு பெட்ரோல் பங்க்,
நாலைந்து அறைகள், சாக்கு நிறத்தில் ஒரு குன்று,
அடிலெய்டுக்கு முக்கால் மணி நேரம் பின்தங்கிய கடிகாரம்.
நான் மதுரைக்காரி.
பலகையைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது.
காரில் வேறு யாரும் இல்லை,
சத்தமாகவே சிரித்தேன்.

இது மூன்றாவது.
இரண்டாவது, இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்
ரயில் நின்ற மதுரா.
ஏறிய நான்கு பேரில் ஒருவர் கேட்டார்:
அகேலி?
தனியாகவா என்று அர்த்தம்.
எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை,
கேட்டுக் கேட்டே வந்த சொல்.
லாட்ஜ் மேனேஜர், ரிக்‌ஷாக்காரர்,
கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் தருகிறவர்,
எல்லோருக்கும் அதே ஒரு சந்தேகம்.

இல்லை, புருஷன் டீ வாங்கப் போயிருக்கிறார் என்றேன்.
அப்படித்தான் பிறந்தார் அவர்.

மீரட்டில் ராணுவ கேப்டன்.
ஹரித்வாரில் காய்ச்சலோடு அறையில் படுத்திருந்தார்.
பதான்கோட் பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தில் ஏறுவதாக இருந்தது;
கண்டக்டர் அவருக்காக ஒரு சீட்டை
ஐந்து மணி நேரம் யாருக்கும் தரவில்லை.
அந்த நல்ல மனிதரிடம் சொன்ன பொய்தான்
இன்னும் உறுத்துகிறது.
பெயர்கூட உண்டு: இளங்கண்ணன்.
மீசை. முன்கோபம்.
கான்பூர் ஸ்டேஷன் கழிவறைக் கண்ணாடியில்
வகிட்டுக்குக் குங்குமம் நானே வைத்துக்கொண்டேன்.
கை நடுங்கியதில் கோணல்.
கல்யாணம் என்று எனக்கு நடந்தது அது ஒன்றுதான்.

அடிலெய்டு வந்தபோது
இளங்கண்ணனை அழைத்து வரவில்லை.

மதுராவில் அறை காலி இல்லை.
லாரிகள் நிற்கும் திடலோரம் காரை நிறுத்தினேன்.
பக்கத்தில் இரண்டு டிரெய்லர் இழுக்கும் லாரி.
படிக்குக் கீழே மண்ணில்
ஒரு ஜோடி ஆண்பிள்ளை பூட்ஸ்.
பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.
மேலே இருட்டிலிருந்து
கிசுகிசுப்பாய் ஒரு குரல்:
அகேலி?

இருபத்திரண்டு வருஷம் ஒரு நொடிகூட ஆகவில்லை.
வாய் நிறைய நுரையோடு சொன்னேன்,
புருஷன் குளிக்கப் போயிருக்கிறார்.

கேபினில் விளக்கு எரிந்தது.
ஐம்பது வயதுப் பெண். மடியில் ரொட்டி டப்பா.
என் காரைப் பார்த்தாள். முன் சீட்டில்
பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த தண்ணீர் கேனைப் பார்த்தாள்.
நல்லது, என்றாள். என் புருஷன் தூங்குகிறார்.
பூட்ஸைக் காட்டினாள்.

எங்கே வாங்கினீர்கள் என்றேன்.
போர்ட் அகஸ்டா. பழைய சாமான் கடை. எட்டு டாலர்.
பதினோராம் நம்பர்.
ஒன்பது வைத்துப் பார்த்தேன், ஒருத்தன் கதவைத் தட்டினான்.

பரம்ஜோத். ஹோஷியார்பூர் பக்கம்.
லாரி நிறையப் பெர்த்துக்குப் போகும் மெத்தைகள்.
படியில் உட்கார்ந்து ரொட்டியும் ஊறுகாயும் தின்றோம்.
உன்னுடையவருக்கு என்ன வேலை?
கேப்டன். இந்நேரம் ரிட்டயர் ஆகியிருப்பார்.
பென்ஷன் வருகிறதா என்று கேட்டாள்.
புரையேறும்வரை சிரித்தோம்.

அடுத்த லாரியில் கதவு திறந்தது.
இருவரும் ஒரே மூச்சில் நிறுத்தினோம்.
ஒரு ஆள் இறங்கினான், புதர்ப் பக்கம் போனான்,
திரும்பி ஏறினான்.
அவ்வளவுதான்.
பெரும்பாலும் அவ்வளவுதான்.
அந்தப் 'பெரும்பாலும்'தான்
எட்டு டாலர் கொடுத்து பூட்ஸ் வாங்க வைக்கிறது.

காருக்குள் படுத்தபின் பார்த்தேன்:
வெறுங்காலோடு இறங்கினாள்.
பூட்ஸை எடுத்தாள். லாரிக்கும் காருக்கும்
நடுவே வைத்து, கொஞ்சம் யோசித்து,
இன்னும் ஒரு சாண்
என் பக்கம் தள்ளினாள்.

காலையில் லாரி இல்லை.
இரவெல்லாம் பனி பெய்திருந்தது.
என் கதவருகே
ஈரம் படாத
இரண்டு பெரிய பாதங்கள்.